பதிலிக்குப் பதிலி

நொய்யலில் தண்ணீர் ஓடின காலமா ஓடாத காலமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் ஆத்துமேட்டு மில்லில் சங்கு ஊதினால் அக்கரையில் மேய்கிற கோழிகூடத் தலையைத் தூக்கிப் பார்த்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், மில் கேட்டுக்கு முன்னால், புங்கமரத்தடியில், பாவாத்தாளுக்கு நாச்சக்காளின் மூக்கு வந்தது.

பாவாத்தாள் அந்த மில்லில் பதிலி. பதிலி என்றால் வேலை இருக்கிறவளும் இல்லை, வேலை இல்லாதவளும் இல்லை. தினமும் காலையில் சங்குக்கு முன்னாலேயே வந்து மரத்தடியில் நிற்க வேண்டும். நஞ்சப்ப மேஸ்திரி கேட்டில் நின்றுகொண்டு ரீலிங் பகுதிப் பெண்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். எந்தப் பேருக்குப் பதில் வரவில்லையோ அந்தப் பேரை மறுபடியும் கூப்பிட்டு, மரத்தடியில் நிற்கிற ஒருத்தியைப் பார்த்துப் பிரம்பை நீட்டுவார். பிரம்பு யாரைக் காட்டுகிறதோ அவள் "இருக்கேனுங்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓட வேண்டும். அன்றைக்குப் பொழுதுக்கும் அவள் அந்த வராதவள்தான். வேலை அவள் பேரில், கூலி அவள் பேரில், வசவும் அவள் பேரில். பாவாத்தாள் மயிலாவை வயிற்றில் சுமந்த நாளிலிருந்து இப்படி நின்றுகொண்டிருக்கிறாள், மயிலா இப்போது முந்தானையைப் பிடித்து ஊஞ்சலாடுகிற வயசுக்கு வந்துவிட்டாள், இத்தனை வருசத்தில் அந்தக் கேட்டில் ஊரில் இருக்கிற பேரையெல்லாம் கூப்பிட்டாகிவிட்டது, "பாவாத்தாள்" என்று மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

அன்றைக்கு நாச்சக்காள் ஒறம்பரையாகச் சொந்தக்காரர் ஊருக்குப் போய்விட்டாள். பாவாத்தாள் "இருக்கேனுங்" என்றாள். சொல்லி வாயை மூடுவதற்குள் மூஞ்சியின் நடுவில் என்னவோ கனத்தது. தொட்டுப் பார்த்தால் நாச்சக்காளின் மூக்கு, மூக்குத்தி ஓட்டையோடு. அட, இது என்ன கூத்து என்று அவளுக்குத் தோன்றியது வாஸ்தவம்தான், ஆனால் மிசின் ஓட ஆரம்பித்துவிட்டது, நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற கட்டையில் இழை அறுந்துகொண்டே இருந்தது, அறுந்த இழையைப் பார்ப்பாளா, மூக்கைப் பார்ப்பாளா. மத்தியானத்துக்குள் நாச்சக்காளின் கன்னம் வந்தது, சாயங்காலச் சங்குக்குள் கண்ணும் காதும் வந்து சேர்ந்துவிட்டன.

வீட்டுக்குப் போனபோது அவள் புருசன் வேலப்பன் வாசலில் உட்கார்ந்து லாடத்தைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான். வண்டிமாட்டுக்கு லாடம் அடிக்கிறது அவன் தொழில், எதற்கும் அவ்வளவு சீக்கிரம் ஆச்சரியப்பட மாட்டான். ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏம்புள்ள, நாச்சக்காளாட்ட இருக்கறே?"

"அவ வரலியாமா. நான்தான் போனேன்."

"அது செரி. சோத்தப் போடு" என்றான்.

மறுநாள் நாச்சக்காள் திரும்பி வந்து கேட்டில் தன் பேருக்குத் தானே பதில் சொன்னதும், மரத்தடியில் நின்ற பாவாத்தாளின் மூஞ்சி பழையபடி ஆகிவிட்டது. அதுதான் அதன் ஒழுங்கு என்று போகப் போகப் புரிந்தது: பேருக்குப் பதில் சொன்னால் முகம் வரும், முகத்துக்குச் சொந்தக்காரி வந்து பதில் சொன்னால் திரும்பிப் போகும். பிறகு அது மற்ற பதிலிகளுக்கும் அம்மை போடுகிற மாதிரி பரவியது. ஆனால் பாவாத்தாளுக்கு வந்த மாதிரி அச்சு அசலாக யாருக்கும் வரவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதை எடுத்துக்கொள்ளவில்லை? முதல் வாரம் வேடிக்கை பார்த்தது, இரண்டாவது வாரம் பேசித் தீர்த்தது, மூன்றாவது வாரத்திலிருந்து அதற்குத் தோதாக நடந்துகொண்டது. மளிகைக் கடைக்காரர் சாமானைக் கட்டுவதற்கு முன்னால் "அம்மிணி, நீங்க அவிங்களா, அவிங்களுக்குப் பதிலா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு மாமியார் தன் மருமகள் என்று நினைத்துப் பாவாத்தாளைச் சந்தைக்கு நடுவில் நிற்க வைத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, ஆள் வேறு என்று தெரிந்ததும், "பரவால்ல, அவகிட்ட சொல்லீரு" என்று போய்விட்டாள். வேலப்பன் சாயங்காலமானால் அடுப்படியை எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஆரு?" என்று கேட்பான். "தெய்வானை" என்றால், "அப்பக் காரத்தக் கொறச்சுப் போடு, அந்தப் புள்ளைக்கு வவுறு ஆவாது" என்பான். மயிலா மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று, அம்மாவின் குரல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வருவாள்.

பாவாத்தாளுக்குப் பயத்தைவிட ஆசைதான் அதிகம். இன்னொருத்தியின் கண்ணால் பார்த்தால் மில் எப்படி இருக்கிறது, இன்னொருத்தியின் நாக்குக்குப் புளி எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு ஊருக்குப் போய் வருகிற மாதிரி போய் வந்தாள். அப்படிப் போய் வரும்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். முகத்தோடு முகம் மட்டும் வருவதில்லை. நாச்சக்காளின் முகம் வந்தபோது அடிவயிற்றில் ஓர் எரிச்சல் வந்தது. தெய்வானையின் முகம் வந்தபோதும் வந்தது. ராக்கியாத்தாளின் முகம் வந்தபோது நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். நீர்க்கடுப்பு. அவளுக்கே அது உண்டு, யாரிடமும் சொன்னதில்லை, புருசனிடம்கூட. இது என்ன, என்னைப் பிடித்தது எல்லாரையும் பிடித்திருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

காரணம் ஒரு பித்தளைப் பில்லை. அது மேஸ்திரியின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வேலை நேரத்தில் ஒண்ணுக்குப் போக வேண்டுமானால் அந்தப் பில்லையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அத்தனை பெண்களுக்கும் ஒரே பில்லை. போய்க் கேட்டால் நஞ்சப்ப மேஸ்திரி ஒரு சிரிப்பு சிரிப்பார், "இப்பத்தான போயிட்டு வந்தே?" என்பார், பக்கத்தில் நிற்கிற ஆண்பிள்ளைகளும் சிரிப்பார்கள். அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். பஞ்சுத் தூசியில் தொண்டை காய்ந்து கிடக்கும், குடிக்க மாட்டார்கள். மிசின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவளோடு பேசவும் முடியாது. பேச முடிந்தாலும் இதையா பேசுவார்கள்? ஒவ்வொருத்தியும் தன் உடம்புக்குத்தான் என்னவோ கேடு என்று நினைத்து, ஊர் மாரியம்மனுக்குத் தனித்தனியாக வேண்டிக்கொண்டு, தனித்தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பாவாத்தாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லிவிட்டாள்.

"நாச்சக்கா, உனக்கு நீர்க்கடுப்பு இருக்குது. தெய்வான, உனக்கும் இருக்குது."

நாச்சக்காளுக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. "என்ன பேச்சுப் பேசறே, நாலு பேரு இருக்கற எடத்துல?"

"அந்த நாலு பேருக்கும் இருக்குது. நான் போட்டுப் பாத்துட்டேன்."

அந்தத் தொட்டிக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டு குவளை உண்டு; மேலத் தெருப் பெண்கள் ஒரு பக்கம், காலனிப் பெண்கள் மறுபக்கம்; மேஸ்திரி வைத்த ஏற்பாடு, யாரும் கேள்வி கேட்டதில்லை. மறுபக்கத்திலிருந்து ராக்கியாத்தாள் எழுந்து வந்தாள். ஒல்லியான, உயரமான பொம்பளை, வார்த்தையை எண்ணிப் பேசுகிறவள். "எங்க பக்கத்துல இருக்கறவிங்களுக்கும் இருக்குதா?" என்று கேட்டாள்.

"ஒரே எடத்துல, ஒரே மாதிரி எரியுது" என்றாள் பாவாத்தாள். "தெருவுக்குத் தெரு ஒரு வித்தியாசமும் இல்ல."

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அத்தனை பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்து, சிரிப்பு முடிகிற இடத்தில் அழுதார்கள். அழுது முடித்ததும் ராக்கியாத்தாள், "அப்ப ஒட்டுக்காப் போயி கேப்பம்" என்றாள்.

ஒட்டுக்கா என்றால் அந்தச் சீமையில் எல்லாரும் சேர்ந்து, ஒரே மொத்தமாக என்று அர்த்தம். கல்யாணத்துக்கு ஒட்டுக்காப் போவார்கள், கோயில் நோம்பிக்கு ஒட்டுக்காப் போவார்கள். மேனேஜர் ரூமுக்கு யாரும் அதுவரைக்கும் ஒட்டுக்காப் போனதில்லை. போனார்கள். ராக்கியாத்தாள் முன்னால் நின்று, "ஒண்ணுக்குப் போறதுக்கு இனிமே ஆரையும் கேக்கமாட்டமுங். அந்தப் பில்லையக் கழட்டிப் போடுங்" என்றாள். மேனேஜர் தன் மேசை மேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்துவிட்டு, இதெல்லாம் ஒவ்வொருத்தராக வந்து சொல்ல வேண்டிய விஷயம் என்றார். ஒவ்வொருத்தராகப் போனால்தான் சிரிக்கிறார்களே என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அப்படித்தான் அந்த மில்லில் சங்கம் ஆரம்பித்தது. பெரிய பெரிய வார்த்தையெல்லாம் அப்புறம் வந்தது.

சங்கம் என்று பேர் வைத்ததுதான் தாமதம், கஷ்டம் ஒட்டுக்கா வந்து இறங்கியது. சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு மில் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். மேஸ்திரி மேலத் தெருவுக்குப் போய், "காலனிக்காரி பின்னாலயா போறீங்க, வெக்கமா இல்ல?" என்று கேட்டார், காலனிக்குப் போய், "மேலத் தெருக்காரிக உங்களக் காட்டிக் குடுத்துருவாளுக" என்றார். முதலாளியே தன் செலவில் இன்னொரு சங்கம் வைத்துக் கொடுத்தார், அதற்குத் தலைவர் முதலாளியின் மச்சினன். அந்தச் சங்கத்தில் சேர்ந்தால் தீபாவளிக்குச் சேலை என்றார்கள். சேர்ந்தவர்களும் உண்டு, சேலை நன்றாகவே இருந்தது. இதற்கெல்லாம் ராக்கியாத்தாள் அசையவில்லை என்றதும், ஒருநாள் காலையில் கேட்டில் அவள் பேரைக் கூப்பிட்டபோது அவள் "இருக்கேனுங்" என்று சொல்ல வாயெடுக்குமுன் கேட்டுக் காவல்காரன் அவளைப் பிடித்து அக்கட்ட ஒதுக்கித் தள்ளினான். அவளுக்கு வேலை போய்விட்டது. மேஸ்திரி அவள் பேரை மறுபடியும் கூப்பிட்டார். பிரம்பு பாவாத்தாளைக் காட்டியது.

பாவாத்தாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். வீட்டில் அரிசி இல்லை. "இருக்கேனுங்" என்றாள்.

ராக்கியாத்தாளின் முகம் வந்தது, ராக்கியாத்தாள் திரும்பி வரவில்லை, முகமும் திரும்பிப் போகவில்லை. ஒரு நாள் போனது, ஒரு மாதம் போனது, ஆடி போய் ஆவணி வந்தது. பாவாத்தாள் தினமும் அந்தப் பேருக்கே உள்ளே போய் வந்தாள். குரல்கூட மாறிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் அந்த ஒல்லி முகம்தான், அந்த நீளக் கழுத்துதான். தன் பழைய முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள், நெற்றியில் ஒரு தழும்பு உண்டு என்பது மட்டும் ஞாபகம் இருந்தது, இடப்பக்கமா வலப்பக்கமா என்பது மறந்துபோயிற்று. மயிலா இப்போதெல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, அவள் போட்ட சோற்றை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அத்தை, எங்கம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். வேலப்பன் எதற்கும் ஆச்சரியப்படாத மனுசன், அன்றைக்கு எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான்.

ஆவணி முடிவதற்குள் வேலைநிறுத்தம் வந்தது. ராக்கியாத்தாளைத் திரும்ப எடுக்க வேண்டும், பில்லையைக் கழற்ற வேண்டும், பதிலிகளை அவரவர் பேரில் வேலைக்கு வைக்க வேண்டும் என்பது கோரிக்கை. மூன்றாவதைச் சேர்க்கச் சொன்னது ராக்கியாத்தாள்தான். "என்ற மூஞ்சிய அவ சொமந்துட்டுத் திரியறா, அவளுக்கு நாம என்ன செஞ்சம்?" என்று கேட்டாளாம். பெண்கள் கேட்டுக்கு எதிரில் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பாவாத்தாளும் உட்கார்ந்தாள், அசல் ராக்கியாத்தாளுக்குப் பக்கத்தில். பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தது.

மில் சும்மா இருக்குமா? லாரியை அனுப்பி, தெற்கே மழை பெய்யாத ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியது. பாவம், அவர்கள் பட்டினியில் வந்தவர்கள். மேஸ்திரி வழக்கப்படி வேலைநிறுத்தக்காரிகளின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார், வந்தவர்கள் வழக்கப்படி "இருக்கேன்" என்றார்கள், உள்ளே போனார்கள். மிசின் ஓடவே இல்லை. மேனேஜர் போய்ப் பார்த்தால் நாச்சக்காள் உட்கார்ந்திருக்கிறாள், தெய்வானை உட்கார்ந்திருக்கிறாள், அத்தனை பேரும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வேலைநிறுத்தம் செய்கிறவளுக்குப் பதிலி என்று வந்தால் அவள் செய்கிறதைத்தானே செய்ய வேண்டும், இதில் என்ன ஆச்சரியம்? மேனேஜருக்கு மட்டும்தான் ஆச்சரியமாக இருந்தது. சாயங்காலம் அதே லாரியில் அவர்களை ஏற்றி அனுப்பினார்கள். போகும்போது அவர்கள் மரத்தடியைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். தங்கள் முகத்தை லாரியில் பார்த்த பெண்கள் பதிலுக்கு ஆட்டினார்கள்.

மேனேஜர் முட்டாள் இல்லை. இன்னொருத்தியின் பேரைக் கூப்பிடுவதில்தான் கோளாறு என்று கண்டுகொண்டார். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் நஞ்சப்ப மேஸ்திரி வெற்றிலை பாக்கோடு வேலப்பன் வீட்டுக்கு வந்தார், வந்து வாசலிலேயே நின்றார்.

"பாவாத்தா" என்றார். அவர் வாயில் அந்தப் பேர் புதுசாக இருந்தது. "நாளைக் காலையில உன்ற பேரக் கூப்புடுவேன். உன்ற சொந்தப் பேர. இருக்கேனுங்னு ஒரே ஒரு வார்த்த சொல்லீட்டு உள்ள வா. நீ நெரந்தரம். உன்ற பேரு உனக்கு, உன்ற மூஞ்சி உனக்கு. அப்பறம் பொழுதுக்கும் மரத்தடியில நிக்க வேண்டியதில்ல."

ஏன் அவளைப் பிடித்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. சொந்த முகம் முழுசாக வந்து சேரச் சாயங்காலமாகும், அதற்குள் ராக்கியாத்தாளின் முகம் கேட்டுக்குள் போவதைப் பார்த்துவிட்டால் மரத்தடி கலைந்துபோகும். ஆனால் உள்ளே மயிலா பாய் மேல் படுத்துக்கொண்டு, விரலால் சுவரில் ஒரு முகம் வரைந்து, அதன் நெற்றியில் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம்.

காலையில் சங்கு ஊதியது. வெற்றிலை பாக்கு வந்த கதை ஊருக்கே தெரியும். வேலப்பன் மயிலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றான். ராக்கியாத்தாள் பாவாத்தாளின் காதோடு சொன்னாள்:

"சொல்லிக்க அம்மிணி. புள்ள தேடுது. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார். "பாவாத்தாள்!"

அந்தக் கேட்டில் அந்தப் பேர் முதன்முதலாக விழுந்தது. அது எவ்வளவு நல்ல பேர் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, அழுதுகொண்டே, தரையில் அழுத்தி உட்கார்ந்துவிட்டாள்.

"பாவாத்தாள்!"

கூப்பிட்ட பேருக்குப் பதில் வரவில்லையென்றால் அவள் வராதவள். வராதவளுக்குப் பதிலி வர வேண்டும். அது மில் போட்ட சட்டம். மேலத் தெரு நாச்சக்காள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

"இருக்கேனுங்!" என்றாள்.

"நீ எதுக்குச் சொல்றே?" என்றார் மேஸ்திரி. அதற்குள் தெய்வானை, "இருக்கேனுங்!" என்றாள். காலனிப் பெண்கள் சொன்னார்கள், லைன் வீட்டுப் பெண்கள் சொன்னார்கள், தீபாவளிச் சேலை வாங்கினவர்களும் சொன்னார்கள், ராக்கியாத்தாள் எல்லாருக்கும் மேலாகக் கத்திச் சொன்னாள், சங்குச் சத்தம் மாதிரி அது ஆற்றைத் தாண்டிப் போனது. முதலில் மூக்கு வந்தது, பிறகு கன்னம் வந்தது, இந்த முறை சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தபோது மரத்தடி நிறையப் பாவாத்தாள்கள் நின்றுகொண்டிருந்தார்கள், எல்லார் நெற்றியிலும் இடப்பக்கம் ஒரு தழும்போடு. யாரை உள்ளே விடுவது, யாரை வேலையை விட்டு நீக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. நீட்டின பிரம்பை மடக்கிக்கொண்டார்.

பாவாத்தாள் தரையில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். மேல் வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. கண் இரண்டும் கொஞ்சம் சின்னது. அடி ஆத்தா, நான் இவ்வளவு லட்சணமாகவா இருந்தேன் என்று நினைத்தாள்.

பின்னால் பில்லையை ஆணியிலிருந்து கழற்றினதும், ராக்கியாத்தாள் உள்ளே போனதும், பதிலிகளை அவரவர் பேரில் கூப்பிட்டதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது எதுவும் நடந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் நடந்தது வேறு. மயிலா அப்பன் தோளிலிருந்து வழுக்கி இறங்கி, கூட்டத்துக்குள் புகுந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தவள், யாரிடமும் நிற்கவில்லை. அம்மா முகம் இல்லாத ஒருத்தி அங்கே ஒரே ஒருத்திதான் இருந்தாள், தரையில் உட்கார்ந்திருந்தாள். மயிலா நேராக அவளிடம் போய், மடியில் ஏறி உட்கார்ந்து, அந்த ஒல்லி முகத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"ஏம்மா, உன்ற மூஞ்சிய எதுக்கு எல்லாத்துக்கும் குடுத்தே?"

"குடுக்கல கண்ணு" என்றாள் பாவாத்தாள். "ஒட்டுக்கா வெச்சிருக்கறம்."